அவர் அறையில் மீன்தொட்டி

பிப்ரவரி 25, ஞாயிறு

அவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. இன்று டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "கண்ணுக்கு ஏதாவது வேலை குடுங்கம்மா. சுவத்தையே பாத்துட்டுக் கெடந்தா மனசு விட்டுப்போயிரும்" என்றார். டிவியைப் போட்டால் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். பெங்களூரிலிருந்து மகள் நித்திலா போனில், "மீன்தொட்டி வைக்கலாம்மா. எங்க ஆபீஸ்ல ஒண்ணு இருக்குது, நாள்பூரா பாத்துட்டே இருக்கலாம்" என்றாள்.

அவரிடம் கேட்டேன். பேச்சு போனதிலிருந்து, ஒருமுறை இமைத்தால் சரி, இரண்டுமுறை இமைத்தால் வேண்டாம். அவர் இமைக்கவே இல்லை. சரி என்று எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

உக்கடத்தில் ஒரு வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூங்கோதை டீச்சருங்களா?" என்றார். எட்டாம் வகுப்பில் எனக்கு அறிவியல் மாணவனாம். பெயர் அபுதாகிர். இப்போது தாடியில் பாதி நரை. நான் வேலை பார்த்ததே நான்கு வருடம்தான். அதில் ஒருவன் என்னை நினைவு வைத்திருக்கிறான்.

"இலையைத் தண்ணியில போட்டு வெயில்ல வச்சு, குமிழ் வர்றதக் காட்டுனீங்க டீச்சர். அதுலதான் எனக்கு இந்தப் பைத்தியமே புடிச்சுது."

எந்த மீன் அழகாக இருக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலையை ஆட்டினான். "மொதல்ல தண்ணியக் கேளுங்க. நம்ம சிறுவாணித் தண்ணி லேசு. அதுக்கு டெட்ரா ஒத்துக்கும், தரையில மேயற கோரி ஒத்துக்கும், ஒரு ஜோடி தேன் குராமி விடலாம். எல்லாம் சாது, ஒண்ணையொண்ணு தொந்தரவு பண்ணாது. போர் தண்ணியக் கலந்துறாதீங்க. மூணு வாரம் மீனே விடாம தொட்டி ஓடட்டும். தண்ணி பழகோணும்."

மூன்றடித் தொட்டி. நாளை வருகிறது.

பிப்ரவரி 28, புதன்

அவர் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் தொட்டியை வைத்தாயிற்று. மண் பரப்பி, அதன்மேல் மணல் போட்டு, தட்டை வைத்து அதன்மீது தண்ணீர் ஊற்றினேன். மண் கலங்கவில்லை. செடிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக நட்டேன். பின்னால் வேலம்பாசி, நடுவில் ஒரு அமேசான் வாள்செடி, முன்னால் கிரிப்டோகோரைன். ஜாவாப் பெரணியை மண்ணில் புதைக்கக்கூடாது, அழுகிவிடும். கட்டையில் நூலால் கட்டினேன். ஓர் ஓரத்தில் சிவப்பு ரொட்டாலா.

மண்ணில் கை வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. மொட்டைமாடியில் அறுபத்திரண்டு பூந்தொட்டிகள் வைத்திருந்தேன். கொசு வருகிறது என்று அவர் ஒருநாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்.

எடுத்துவிட்டார் என்றால், மாடியிலிருந்து கீழே போட்டார்.

மார்ச் 3, ஞாயிறு

காலை ஆறுக்கு அவரைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகுக்குப் பவுடர். கஞ்சி. எட்டு மணிக்கு ஜெசிந்தா வந்துவிடுகிறாள், மாலை ஐந்து வரை இருக்கிறாள். போத்தனூர்ப் பெண். நாலு வயதில் ஒரு மகள் இருக்கிறாள் அவளுக்கு. குளிப்பாட்டுவது, சிறுநீர் டியூப் பார்ப்பது எல்லாம் அவள்தான். "சார், செடி நல்லாத் தூங்குச்சான்னு கேளுங்க" என்று அவரிடம் விளையாடுகிறாள். அவள் பேசினால் அவர் இமைக்கிறார்.

மார்ச் 17, ஞாயிறு

மீன் விடவில்லை இன்னும். அபுதாகிர் கொடுத்த சொட்டு மருந்தில் தண்ணீரைச் சோதித்தேன். நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் ரொட்டாலா வெளுக்கிறது. வாள்செடியின் இலை ஓரத்தில் மஞ்சள். கண்ணாடியில் பாசி.

போனில் கேட்டேன். "சிவப்புச் செடிக்கு கேஸ் குடுத்தாத்தானுங்க நிறம் வரும். சிலிண்டர் வச்சுக்கலாம். மத்தச் செடியெல்லாம் கேஸ் இல்லாமயே வந்துரும், அவசரப்படாதீங்க. லைட்ட மட்டும் எட்டு மணி நேரத்துக்குக் கொறைங்க."

எனக்குச் சிவப்பு வேண்டும் என்றேன்.

மார்ச் 20, புதன்

அபுதாகிரே வந்து கரியமில வாயு சிலிண்டரை மாட்டினான். மூன்று மாதம் வருமாம். மீன்களையும் கொண்டுவந்தான்: இருபது நியான் டெட்ரா, ஆறு கோரி, ஒரு ஜோடி குராமி. பையோடு தொட்டியில் அரைமணி மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டித் தண்ணீரைப் பையில் சேர்த்து, பிறகு விட்டோம்.

கிளம்பும்போது வாசலில் நின்றான். "டீச்சர், ஒண்ணு கேக்கலாமுங்களா? ஒருநா காதுல பஞ்சு வச்சுட்டு வந்தீங்க. அதுக்கப்புறம் நீங்க ஸ்கூலுக்கே வரலையே."

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்பா. சோத்தாங்கைப் பக்கக் காது அதோட போச்சு" என்றேன்.

அவன் திரும்பி அவர் அறையின் கதவைப் பார்த்தான்.

மார்ச் 31, ஞாயிறு

நித்திலாவுக்குப் படம் அனுப்பினேன். "அம்மா, செம!" என்று பதில். ரொட்டாலா நுனியில் செம்பு நிறம். மதியம் வெளிச்சம் நன்றாக விழும்போது இலை ஒவ்வொன்றிலும் முத்து முத்தாகக் காற்றுக் குமிழ். அரைமணி நின்று பார்த்தேன். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

ஏப்ரல் 7, ஞாயிறு

அவர் தம்பி மயில்சாமி வந்தார். கையில் ஒரு பை, அதில் ஒற்றை மீன். நெற்றி புடைத்த, உள்ளங்கை நீளத்தில் ஒரு ஃப்ளவர்ஹார்ன்.

"அண்ணி, இது வாஸ்து மீனு. இத வச்ச வீட்டுல படுத்தவங்க எந்திரிச்சிருக்காங்க."

"இது மத்த மீனத் தின்னுருமுங்க. இதத் தனியாத்தான் வைக்கோணும்."

"ஒருநா வச்சுப் பாருங்கண்ணி. அண்ணனுக்குப் புடிக்கும். என்னுங்கண்ணா?"

அவர் ஒருமுறை இமைத்தார். தெளிவாக, ஒரே ஒருமுறை. மயில்சாமி பையைக் கவிழ்த்துவிட்டார்.

ஏப்ரல் 8, திங்கள்

காலையில் எண்ணினேன். டெட்ரா பதின்மூன்று. குராமியில் பெண் இல்லை. வாள்செடியை வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தது. மிச்ச மீன்கள் பம்பு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

நான் வலையோடு போகும்போது அது இன்னொரு டெட்ராவைத் துரத்திக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். வாய் ஒரு பக்கம்தான் போகிறது, ஆனாலும் சிரிப்புத்தான். ஜெசிந்தா, "அம்மா, சார் சிரிக்கிறாருங்க!" என்று கை தட்டினாள். பாவம், அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சிரிப்பை நான் கடைசியாகப் பார்த்தது தொண்ணூற்றாறில். மறுநாள்தான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

மீனைப் பிடித்து வாளியில் போட்டு, ஆட்டோவில் உக்கடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தபோது அவர் கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். இரவுக் கஞ்சியைத் துப்பினார், என் முகத்தில்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி வைத்தேன். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினேன். முதல்நாளே பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீர். வெட்டிய ரொட்டாலாத் தண்டுகளை மறுபடி நட்டேன். வேரில்லாமலே பிடித்துக்கொள்கிறது. எட்டிலிருந்து இருபது தண்டாகிவிட்டது.

வெயில் தாங்கவில்லை. அவர் அறையில் ஏசி நாள் முழுக்க ஓடுகிறது. குளிர் வெளியே போகாமல் இருக்க ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினேன், கதவடியில் துணி வைத்தேன்.

ஏப்ரல் 20, சனி

ஜெசிந்தாவுக்கு மதியத்துக்கு மேல் தலைவலி. இது மூன்றாவது நாள். அவள் சாப்பிட்டுவிட்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டுச் சற்று சாய்வாள். "படுத்தா இன்னும் பாரமா இருக்குதும்மா" என்கிறாள். வெயில்தான்.

எனக்கும் அந்த அறையில் ரொம்ப நேரம் நின்றால் நெற்றி விண்ணென்கிறது.

ஏப்ரல் 23, செவ்வாய்

அவருக்கு மூச்சு வேகமாக இருக்கிறது, முகம் சிவந்து வேர்க்கிறது. டாக்டர் வந்து பார்த்தார். நெஞ்சில் சளி இல்லை. "பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்குது. ரூம்ல காத்தோட்டம் இருக்குதுங்களா?" என்றார். ஏசி இருக்கிறதே என்றேன்.

காலையில் மீன்களெல்லாம் மேல்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. செடிகள் மட்டும் என்ன செழிப்பு!

ஏப்ரல் 26, வெள்ளி

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அபுதாகிருக்குப் போன் செய்தேன்.

"டீச்சர், அது மூணு மாசம் வரோணும். அஞ்சு வாரத்துல எப்படித் தீந்துச்சு? எங்கயோ லீக் ஆகுதுங்க. மூடுன ரூமுல அது நல்லதில்ல, ஆளுக்கே ஆகாது. தரையோட தேங்கி நிக்கும். உஸ்னு சத்தம் ஏதாச்சும் கேக்குதுங்களா?"

"எனக்குக் கேக்காதேப்பா."

"ஞாயித்துக்கிழமை நானே வந்து மாட்டித் தர்றேன்."

"வேண்டாம். நீ காட்டிக் குடுத்ததப் பாத்திருக்கேன், எனக்கு வரும்."

சாயங்காலம் ஆட்டோவில் வேறு சிலிண்டர் வந்தது, முந்தியதைவிடப் பெரியது. கூடவே ஒரு காகிதப் பொட்டலத்தில் இணைப்பில் போடும் புது ரப்பர் வாசர். "பழசக் கழட்டிட்டு இதப் போடுங்க. போட்டுட்டு சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. ஜன்னலத் தொறந்து வைங்க" என்று மறுபடியும் போன் செய்தான்.

சிலிண்டரை மாட்டினேன். வாசரை மாற்ற மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 27, சனி

ஜெசிந்தாவை இனிமேல் ஹாலில் உட்காரச் சொல்லிவிட்டேன். "உனக்குத் தலைவலி வருதில்ல. அரைமணிக்கு ஒருதடவை எட்டிப் பாத்தாப் போதும். பாயையும் இங்கயே போட்டுக்கோ."

"சார் தனியா இருப்பாருங்களேம்மா."

"மீன் இருக்குது."

ஏப்ரல் 28, ஞாயிறு

சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். குமிழ் வந்தது. இணைப்பைச் சுற்றிக் கொப்பளித்துக்கொண்டு, வெள்ளையாக, பெரிது பெரிதாக.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மில்லில் முப்பது வருடம் மெஷின் பராமரிப்பு பார்த்தவர். குமிழுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

துணியால் துடைத்தேன். மதியச் சமையலுக்கு நேரமாகிவிட்டது. கத்தரிக்காய் இருந்தது, கொள்ளு இருந்தது. கொள்ளுப் பருப்பு வைத்தேன்.

ஏப்ரல் 29, திங்கள்

துணி துவைத்தேன். ரேஷன் கடைக்குப் போனேன், கூட்டம். வாசர் மேசை டிராயரில் இருக்கிறது. ஸ்பேனர் அவர் பெட்டியில் இருக்கும், தேட வேண்டும்.

ஏப்ரல் 30, செவ்வாய்

இன்று அவர் நிறைய இமைத்தார். இரண்டு இரண்டாக, விடாமல். பிறகு ஜன்னலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடியும் ஜன்னலை.

வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது போலிருக்கிறது. திரையை இழுத்துவிட்டேன்.

மே 1, புதன்

கட்டில் கம்பியில் இடது கையால் தட்டிக்கொண்டே இருக்கிறார். அந்தக் கை மட்டும் எப்போதும் போலவே இருக்கிறது. சத்தம் தாங்கவில்லை. கம்பியைச் சுற்றித் துண்டைக் கட்டிவிட்டேன்.

நித்திலா போன் செய்தாள். "அப்பா எப்படி இருக்கார்?" என்றாள். தூங்குகிறார் என்றேன். "நீ எப்படிம்மா இருக்க?" என்றாள். இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மே 2, வியாழன்

எழுதியாக வேண்டும்.

ஜெசிந்தா தன் மகளுக்குக் காய்ச்சல் என்று பதினொன்றரைக்குச் சீக்கிரம் போகலாமா என்று கேட்டாள். போகச் சொன்னேன். நான் பின்பக்கம் துணி காயப்போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஹாலில் அவள் இல்லை. போய்விட்டாள் என்று நினைத்தேன். செருப்பு இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

சமையலறையில் குக்கர் வைத்தேன். அவர் அறையில் ஏதோ விழுந்தது. பெரிய சத்தம், எனக்கே கேட்டது. இரும்பு, அதோடு கண்ணாடி.

நான் உடனே போகவில்லை. இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டில் இதுவரை எழுதியதற்கெல்லாம் அர்த்தமில்லை. அடுப்பின் முன்னால் நின்றேன். குக்கர் ஒரு விசில் அடித்தது. இரண்டாவதும் அடித்தது. அந்த நேரம் முழுக்க நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன்.

பிறகு போனேன். கதவடித் துணி வெளியே இல்லை. கதவைத் திறந்து உள்ளே போன யாரோ அதை உள்பக்கம் தள்ளியிருந்தார்கள். திறந்தேன். அவர் கட்டிலோரம் இருந்த இரும்பு மருந்து ஸ்டாண்டை இடது கையால் இழுத்துத் தள்ளியிருந்தார். பாட்டில்கள் உடைந்து கிடந்தன. அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தரையில் ஜெசிந்தா. தோளில் கைப்பை. பக்கத்தில் ஈரத்துண்டும் கிண்ணமும். கிளம்புவதற்கு முன்னால் அவருக்கு வேர்வை துடைத்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே வந்திருக்கிறாள். உதடு நீலம் பூத்துக் கிடந்தது.

அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அசைவில்லை. குனிந்ததும் எனக்கே தலை சுற்றியது. இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து இழுத்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. எங்கிருந்து பலம் வந்ததோ தெரியாது. ஹாலைத் தாண்டி வாசல்வரை இழுத்துப் போட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். வால்வை மூடினேன். டேப் பிய்ந்து வரவில்லை. அம்மிக்குழவியால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தேன்.

அவர் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உயரக் கட்டில், தலைப்பக்கம் தூக்கி வைத்திருந்தது. அதனால்தான் அவர் தப்பினார்.

வாசலில் ஜெசிந்தா இருமினாள். பக்கத்து வீட்டுக்காரர் 108க்குப் போன் செய்திருந்தார். இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மே 3, வெள்ளி

இருவருக்கும் ஆபத்தில்லை. ஜெசிந்தாவுக்கு நேற்று மாலையே நினைவு நன்றாக வந்துவிட்டது. அவர் பிராணவாயுக் குழாயோடு தூங்குகிறார்.

வீட்டுக்கு வந்தபோது அபுதாகிர் வாசலில் காத்திருந்தான். உள்ளே போய் சிலிண்டரைக் கழற்றினான். பழைய வாசரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பாதி பிய்ந்திருந்தது.

"டீச்சர், நான் குடுத்தது?"

டிராயரைத் திறந்து காட்டினேன். பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தான். டெட்ரா நான்குதான் மிச்சம். கோரி ஆறும் ஒற்றைக் குராமியும் கவிழ்ந்து மிதந்தன. ஒவ்வொன்றாக வலையில் எடுத்து ஒரு தாளில் வைத்தான். "இனி கேஸ் வேண்டாமுங்க" என்றான். சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான். எப்போதும் வாசலில் நின்று ஏதாவது பேசிவிட்டுத்தான் போவான்.

மே 5, ஞாயிறு

போத்தனூர் போனேன். ஜெசிந்தாவின் வீடு ஒற்றை அறை. மகள் அவள் மடியில் படுத்திருந்தாள், காய்ச்சல் விட்டிருந்தது. நான் வாங்கிப்போன பழங்களை ஜெசிந்தா வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்க மட்டும் இல்லீன்னா இந்தப் புள்ள இன்னேரம் தாயில்லாப் புள்ளைங்கம்மா" என்றாள்.

இதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"ஜெசிந்தா, கேஸ் லீக் ஆகறது எனக்கு முன்னாடியே தெரியும். ஆறு நாளாத் தெரியும்" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மகளின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்த கை நின்றது.

"அதான் என்னைய ஹாலுக்குப் போகச் சொன்னீங்களா?"

"ஆமா."

"அப்ப சாருக்கா?"

வாயால் சொல்ல வேண்டியிருந்தது. "ஆமா."

அவள் பிள்ளையைத் தூக்கி மறுபக்கம், என்னிடமிருந்து தள்ளி, படுக்க வைத்தாள். திரும்பிக் கேட்டாள். "அவரு உங்கள அடிப்பாருங்களாம்மா?"

இருபத்தெட்டு வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் நேராகக் கேட்டது இவள் ஒருத்திதான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா அவருக்கு இப்பக் கையுங் காலும் இல்லைங்கம்மா. நான்தான் அவரைக் குளிப்பாட்டுனேன், எனக்குத் தெரியும். கொழந்த மாதிரிங்க." அவள் அழுதுகொண்டே பழப்பையை என் பக்கம் நகர்த்தினாள். "இத எடுத்துட்டுப் போயிருங்க."

எடுத்துக்கொண்டு வந்தேன்.

மே 6, திங்கள்

நித்திலா வந்திருக்கிறாள். இன்னும் சொல்லவில்லை.

மே 7, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சமையலறையில், அவள் காபி கலக்கிக்கொண்டிருந்தபோது. வாசர், சோப்புத் தண்ணீர், திரை, துண்டு, இரண்டு விசில். எல்லாவற்றையும் சொன்னேன். காது, மாடித் தொட்டிகள், அவளுக்குத் தெரியாத வேறு சிலதும்.

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "நீ கதையெல்லாம் சொல்லாதம்மா. உனக்கு டென்ஷன். ரெஸ்ட் எடு."

"நித்திலா, இந்தப் பக்கம் பாரு. என்கிட்ட விட்டுட்டுப் போனா அவருக்கு ஆபத்து. நான் நல்லவளா இருப்பேன்னு எனக்கே நம்பிக்கையில்ல. அவரைக் கூட்டிட்டுப் போயிரு."

அவள் என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு எங்களைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்ததெல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"சரி" என்றாள்.

மே 10, வெள்ளி

பெங்களூரில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்திருக்கிறாள். இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ் உண்டாம். அவர் வேட்டிகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். ரொட்டாலாவின் நிறம் இறங்குகிறது. ஜாவாப் பெரணியும் கிரிப்டோகோரைனும் ஒன்றும் நடக்காதது போல் இருக்கின்றன.

மே 12, ஞாயிறு

காலை ஒன்பதுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் மாற்றிப் படுக்க வைத்தார்கள். நித்திலா மருந்துப் பையோடு முன்னால் போனாள். மயில்சாமி பெட்டியைத் தூக்கினார். நான் போர்வையைச் சரி செய்யக் குனிந்தேன்.

என் மணிக்கட்டைப் பிடித்தார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் நின்றார்கள். அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாருங்கண்ணி, அண்ணனுக்கு உங்கள உட்டுட்டுப் போக மனசு வரல" என்றார் மயில்சாமி.

அவர் என் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டு மணிக்கட்டை மெதுவாகத் திருகினார். எலும்பு நெரிகிற இடம் அவருக்குத் தெரியும்.

நித்திலா திரும்பி வந்தாள். அவள் அழவில்லை. என் கையைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அப்பா, விடுங்க" என்றாள். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

அவர் விடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.